முப்பத்தோராவது மணி

வாரத்துக்கு முப்பது மணி நேரம்தான் பாடம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது, கல்லூரியும் அதை நம்பியிருந்தது, சுவர்க் கடிகாரங்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. இருந்தும் நெடுங்கரைப்பட்டிக் கல்லூரியில் ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை, மூன்றாம் மணி முடிந்து நான்காம் மணி தொடங்குவதற்கு நடுவில், முப்பத்தோராவது மணி வந்து இறங்கியது. சமூகவியல் துறைத் தலைவி எஸ்தர் பொன்மலரின் களைப்புதான் அதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் களைப்பினால் நடந்த காரியங்கள் அதைவிடப் பெரியவை எத்தனையோ உண்டு.

நடந்தது இதுதான். இளங்கலைச் சமூகவியலுக்குப் புதிய பாடத்திட்டம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. துறையில் இருந்ததோ இரண்டே பேர், எஸ்தரும் கௌரவ விரிவுரையாளர் ஐயம்பெருமாளும். மூன்று வருஷத்துப் படிப்பையும் பருவம் பருவமாகப் பிரித்து, பருவத்தை வாரமாக்கி, வாரத்தை மணியாக்கிக் கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். எஸ்தர் நிரப்பினாள். நிரப்பி முடிப்பதற்குள் புதிதாக ஒரு திறன் பாடத்தையும் சேர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, வாரத்துக்கு ஒரு மணி. சேர்க்க வேண்டுமானால் எங்கிருந்தாவது ஒரு மணியை எடுக்க வேண்டும். தமிழ்த் துறையில் கேட்டாள், "எங்க தலையிலேயே எல்லாரும் கை வைங்க" என்றார்கள். ஆங்கிலத் துறையில் கேட்டாள், அங்கே ஆங்கிலத்தில் முடியாது என்றார்கள். புள்ளியியலைக் குறைக்கலாமென்றால் கணிதத் துறையில் புதிதாகக் கல்யாணமான ஒருவரின் வேலை அந்தப் பாடத்தில் நின்றது. ஊரகச் சமூகவியலைக் குறைக்கலாமென்றால் ஐயம்பெருமாளின் சாப்பாடு அதில் இருந்தது. எந்தப் பாடத்தைத் தூக்கினாலும் அதன் அடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தூக்கியதைத் தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு அப்போது தூக்கம் என்பதே கிடையாது. கணவர் லாரியில் வடக்கே போய்விடுவார். வீட்டில் மாமனாருக்கு ஞாபகம் கலைந்து போய், எப்போதோ விற்றுவிட்ட அரிசிக் கடையைத் திறக்க விடியாத நேரத்தில் எழுந்து சாவி கேட்பார். "கடைக்கு இன்னிக்கு லீவு மாமா" என்று அவளும் சொல்லுவாள், "எதுக்கு லீவு?" என்று அவரும் கேட்பார், அதற்கு ஒரு பண்டிகை கண்டுபிடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுவார். இப்படி ஊரில் இல்லாத பண்டிகைகளையெல்லாம் கொண்டாடி முடித்த ஒரு சாயங்காலம், கல்லூரியிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில் மடியில் தாளை வைத்துக்கொண்டு, மூன்றாம் பருவத்துக் கட்டத்தின் அடியில் ஒரு மணியைக் கூட்டினாள்; எதிலிருந்தும் எதையும் கழிக்கவில்லை. தலைப்பை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கோடு மட்டும் இழுத்தாள். இழுத்த கையோடு உறங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் பணிமனையில்தான் எழுந்தாள்.

நாளை வந்தது, தலைப்பு வரவில்லை. பாடத்திட்டக் குழு கூடியது. டீ வருவதற்கும் வடை வருவதற்கும் நடுவில் மூன்று வருஷப் படிப்பும் நிறைவேறியது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் மட்டும் விரலை வைத்து, "இது என்ன டேஷ்?" என்று கேட்டார். "அப்புறம் நிரப்பிக்கலாம்னு சார்" என்றாள் எஸ்தர். "சரி, இருக்கட்டும்" என்று அவர் வடைக்குக் கையை நீட்டினார். பல்கலைக்கழகம் அங்கீகரித்தது. அங்கீகாரம் பெற்ற மணி வராமல் இருக்க முடியுமா? வந்தது.

வந்ததை முதலில் பார்த்தவர் வாட்ச்மேன் சங்கிலிபூதம். மூன்றாம் மணி முடிந்ததற்குப் பெல் அடித்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைக்கும்போது கேட்டுக்கு வெளியே பார்த்தார். டவுன் பஸ் கிளப்பிய புழுதி கிளம்பியபடியே நின்றது. டீக்கடையில் மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு இறங்கிய டீ பாதியில் கயிறு மாதிரி தொங்கியது. ஒரு காக்கை கம்பத்துக்கு வந்து சேராமல் வானத்திலேயே இருந்தது. உள்ளேயோ வேப்பிலை அசைந்தது, பிள்ளைகள் சத்தம் கேட்டது, கடிகாரம் மட்டும் நின்றிருந்தது. சங்கிலிபூதம் முதல்வர் அறைக்கு ஓடினார்.

முதல்வர் சடகோபன் எதையும் "அதாகப்பட்டது" என்றுதான் தொடங்குவார். "அதாகப்பட்டது சங்கிலி, எல்லாம் நிக்குதுங்கிற. சரி. இப்ப எந்த கிளாஸுக்கு என்ன ஹவர்?" டைம்டேபிளைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் ஆண்டு சமூகவியலுக்குப் புதன்கிழமை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு கட்டம் இருந்தது, கட்டத்துக்குள் ஒரு டேஷ் இருந்தது. "டைம்டேபிள்ல இருக்கேப்பா! இருந்தா எடுத்துத்தான ஆகணும்? மேடத்த போய் எடுக்கச் சொல்லு. ஹவர் எடுக்காம சும்மா விட்டா ஆடிட்ல கேப்பான்."

எஸ்தர் போனாள். என்ன நடத்துவது என்று தெரியாததால் கரும்பலகையில் 'சமூகம் என்றால் என்ன?' என்று எழுதினாள். ஏற்கெனவே முதலாண்டில் நடத்தியதுதான். திரும்பினால் இரண்டாம் பெஞ்சில் மாரிக்கனி மேஜைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நூல் மில்லில் இராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு, தலையில் பஞ்சோடு நேரே வகுப்புக்கு வரும் பெண் அவள். எழுப்ப வாயெடுத்த எஸ்தருக்கு அந்த ஒரு வார்த்தைக்கும் தெம்பு வரவில்லை. "எல்லாருமே கொஞ்சம் தலையைக் கவுத்திக்கோங்க" என்றாள். வகுப்பு மொத்தமும், இதற்காகவே பிறந்தது போல, தலையைக் கவிழ்த்தது. அவர்கள் எழுந்தபோது வெளியே டீ கீழ் டம்ளரில் விழுந்தது, காக்கை கம்பத்தில் உட்கார்ந்தது. கரும்பலகையில் எழுதியது மட்டும் இல்லை. யாரோ அழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எஸ்தர் நான்காம் மணிக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த மணி கிடைக்கும் என்பதால், மூன்றாம் மணி பெல்லுக்கு முன்னால் கேட்டில் கூட்டம் கூடியது. முதலில் வந்தவர்கள் தூங்க வரவில்லை, பாவம், வேலை செய்ய வந்தார்கள். ஓசியில் ஒரு மணி கிடைத்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கூடை கூடையாகப் பெட்டி கொண்டுவந்து பேச்சுமூச்சில்லாமல் லேபிள் ஒட்டினார்கள். தையல்காரர் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வணிகவியல் பேராசிரியர் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். ஒரு கட்சிக்காரர் பசை வாளியோடு வந்து சுவரெங்கும் தலைவர் படம் ஒட்டினார். மணி முடிந்தது, லேபிள் எல்லாம் சுருண்டு கூடைக்குள் விழுந்தது, ஜாக்கெட்டிலிருந்து கொக்கி கழன்றது, விடைத்தாளில் போட்ட மார்க் மங்கி மறைந்தது, தலைவர் மெதுவாகச் சுருண்டு பசை வாளிக்கே திரும்பினார். சங்கிலிபூதம் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகுகூட அதது விழுந்த இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

எஸ்தரும் முயன்றாள். அந்த மணிக்குள் உட்கார்ந்து அந்த டேஷுக்கு ஒரு தலைப்பு எழுதப் பார்த்தாள். 'வாழ்வியல் திறன்கள்' என்று எழுதினாள், போய்விட்டது. 'களப்பணி' என்று எழுதினாள், அதுவும் போய்விட்டது. இப்படி அந்த மணி எந்த வேலையையும் தங்க விடவில்லை. சாப்பிட்டது தங்கியது, பேசியது தங்கியது, தூங்கியது தங்கியது, வேலை மட்டும் தங்கவில்லை. இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறையாவது திருட்டுத்தனமாக வேலை பார்த்துப் பார்த்திருந்ததால், சொன்னால் தங்கள் பேராசை தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு, மறு வாரம் பாயோடு வந்தார்கள்.

பாயோடு வந்தார்கள், தலையணையோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். டவுன் பஸ் டிரைவர் வண்டியைக் கல்லூரிக்குள்ளேயே திருப்பி நிறுத்தி ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்தார், கண்டக்டர் விலங்கியல் வராந்தாவில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். ஏட்டையா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நூலகத்தில் கிடந்தார், இரண்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் அவர் தேடிக்கொண்டிருந்தவனும் கிடந்தான். எழுந்து ஓடினாலும் பிடித்தாலும் வேலைதானே என்று இருவருக்கும் தெரியும். கேட்டில் சங்கிலிபூதம், "ஐடி கார்டு இல்லாதவங்க உள்ள வரக்கூடாது" என்று சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆதார் கார்டு இருக்கு, போதுமா?" என்று கேட்டார்கள். அவர் யோசித்து, போதும் என்றார்.

ஊர் என்றால் எல்லாந்தானே வரும். முதல் மாதம் காற்று வரும் விலங்கியல் வராந்தாவில் மேலத்தெருக்காரர்கள் பெல்லுக்கு முன்பே வந்து கயிறு கட்டி, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்றார்கள். எஸ்தர் வகுப்பில் வருஷக்கணக்காக நடத்தி வந்த சாதி அடுக்கமைவுப் பாடம் பாயை விரித்துக்கொண்டு அவள் எதிரிலேயே வந்து படுத்தது. ஐயம்பெருமாள்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துறைக் கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார். புதன்கிழமை கயிறு இல்லாததைப் பார்த்தார்கள். திரும்பக் கட்ட வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டும், கயிறு தேட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும். யார் செய்வது? இருந்த இடத்தில் சாய்ந்தார்கள். நெடுங்கரைப்பட்டியில் சாதி பார்க்கவும் தெம்பில்லாத மணி என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

ஊர் முழுக்க உறங்கிய அந்த மணியில் உறங்காத ஒரே ஆள் எஸ்தர் பொன்மலர். "அதாகப்பட்டது மேடம், பேப்பர் உங்களோடது. அப்ப இன்சார்ஜும் நீங்கதான்" என்று முதல்வர் ஆர்டர் போட்டுவிட்டு, தன் அறையில் சோபாவில் நீட்டிவிடுவார். "நான் பாத்துக்கிடுதேன் மேடம், நீங்க படுங்க" என்று ஐயம்பெருமாள் கேட்டுப் பார்த்தார். கௌரவ விரிவுரையாளர் இன்சார்ஜாக இருக்க விதியில் இடமில்லை. ஆகவே அவள் நடந்தாள். கிணற்றடியில் தவழ்ந்த குழந்தையைத் தூக்கித் தாயின் பக்கத்தில் விட்டாள், குறட்டை விட்டவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், வெயில் ஏறிய பாயை ஆளோடு நிழலுக்கு இழுத்தாள். எல்லாருக்கும் ஒரு மணி கூடியது. அவளுக்கு ஒரு மணி வேலை கூடியது. மணி முடியும்போது, இழுத்துவிட்ட பாய்கள் பழையபடி வெயிலில் கிடப்பதையும் அவள் கண் பார்த்தது. ஆனால் பார்த்ததை எடுத்து யோசிக்கிற அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

ஐயம்பெருமாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு யார் குரலும் வரும். முதல்வர் குரலில் கேண்டீனுக்கு போன் போட்டு, "அதாகப்பட்டது, துறைக்கு நாலு பஜ்ஜி" என்பார், வரும். சங்கிலிபூதம் குரலில் சங்கிலிபூதத்தையே கூப்பிடுவார், அவரும் "வந்துட்டேன்" என்பார். ஒருநாள் எஸ்தர் தாமதமாக வந்தபோது தன் வகுப்பில் தன் குரலே வருகைப்பதிவு எடுப்பதைக் கேட்டு வாசலில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயம்பெருமாள் வெளியே வந்து, திட்டுக்குத் தயாராகத் தலையைச் சொறிந்தார்.

"என் குரல் அப்படியா இருக்கு சார்?"

"அப்படியேதான் மேடம். பேரு முடியுமுன்ன மூச்சு முடிஞ்சிரும்."

அவள் திட்டவில்லை. போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

ஐப்பசியில் விவகாரம் வந்தது. மார்க் மறைந்த வருத்தத்தில் இருந்த வணிகவியல் பேராசிரியர், சமூகவியலுக்கு மட்டும் எப்படி முப்பத்தொன்று என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டார். பதில் எஸ்தருக்கு வந்தது: டேஷ் எனும் பாடத்தின் கற்றல் விளைவுகளை எழுதி அனுப்ப வேண்டும், அல்லது அதை நீக்கி மொத்தத்தை முப்பதாகத் திருத்த வேண்டும், நேரில் ஆய்வு செய்ய ஒரு குழு வரும்.

விளைவுகளை எழுத அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். அதற்கென்று சில சொற்கள் இருந்தன, அவற்றில்தான் எழுத வேண்டும். 'இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள் பகுப்பாய்வர்' என்று எழுதினாள், எதை? 'மதிப்பிடுவர்' என்று எழுதினாள், எதை? 'மாணவர்கள் நன்கு உறங்கி எழுவர்' என்று எழுதிவிட்டு அதையே வெகுநேரம் பார்த்தாள். அது உண்மை. அடித்தாள். மாமனார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "கணக்கு இடிக்குதாம்மா? ஒரு மூடைய விட்டுரு, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தேடப் போனார்.

திங்கட்கிழமை மாரிக்கனி துறை வாசலில் வந்து நின்றாள். "மேடம், டேஷ் ஹவர எடுத்துருவாங்களாம்ல?"

"எடுக்கச் சொல்றாங்க."

"அப்ப நான் டீசி வாங்கிக்கிடுதேன் மேடம்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் சொன்னாள். "போன வருசம் எப்படியோ ஓட்டிட்டேன். மில்லுல பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாத்தேன், தர மாட்டேங்காங்க. வாரத்துல அந்த ஒரு நாளு அசந்து தூங்குததாலதான் மிச்ச நாளு முழிச்சிருக்கேன்."

"இருடி, அவசரப்படாத."

"அவசரமெல்லாம் இல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். உண்மையில் அவளிடம் அவசரப்படக்கூடத் தெம்பில்லை. ஐயம்பெருமாள் தன் நாற்காலியில் ஏதோ படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்; புத்தகம் தலைகீழாக இருந்தது.

முதல்வர் ஒரே சொல்லாக முடித்தார். "அதாகப்பட்டது மேடம், கோர்ஸே போயிரும். ஒரு டேஷுக்காகத் துறையை மூடச் சொல்றீங்களா? முப்பதாக்குங்க. திருத்தின பிரதியக் கையில வச்சிருங்க, கமிட்டி வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

கமிட்டி புதன்கிழமையே வந்துவிட்டது. காரிலிருந்து இறங்கிய தலைவர் பேராசிரியர் ஞானதுரை, திகைத்து நின்ற முதல்வரைப் பார்த்து, "ஏன் சார், நீங்கதான போன்ல சொன்னீங்க, அதாகப்பட்டது புதன்கிழமை மூணாவது ஹவருக்கு வந்துருங்கன்னு?" என்றார். முதல்வர் மறுக்க வாயெடுத்தார். சொன்னதாகச் சொல்லப்பட்டது தான் சொல்வது போலவே இருந்ததால் மறுக்க முடியவில்லை. "அதாகப்பட்டது... வாங்க சார்" என்றார். எஸ்தர் திரும்பி ஐயம்பெருமாளைப் பார்த்தாள். அவர் மின்விசிறியில் எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

திருத்தப் படிவம் மேஜையில் தயாராக இருந்தது. டேஷின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதி, எஸ்தரும் கமிட்டியும் ஒப்பமிட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் ஐயம்பெருமாள் வரவேற்புரையைத் தொடங்கியிருந்தார். வந்த விருந்தினர்களின் பெருமையைச் சொன்னார், அவர்களுடைய ஆசிரியர்களின் பெருமையைச் சொன்னார், சமூகவியல் பிறந்த தேசத்திலிருந்து நெடுங்கரைப்பட்டிக்கு நடந்தே வந்தது போல ஒவ்வோர் ஊராக இறங்கி ஏறினார். பிறகு பொன்னாடை. போர்த்தும்போது போட்டோகிராபர் இல்லை என்று கழற்றி மறுபடி போர்த்தப்பட்டது. பிறகு டீ. டீயில் ஈ விழுந்தது, வேறு டீ. "போதும் தம்பி, படிவத்தக் கொடுங்க" என்று ஞானதுரை பேனாவின் மூடியைத் திறந்தபோது சங்கிலிபூதம் பெல் அடித்தார்.

வெளியே எல்லாம் நின்றது. உள்ளே பாய்கள் விரியும் சத்தம் மட்டும் கேட்டது. ஞானதுரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவில் ஒருத்தி உதறிய துணியிலிருந்து தெறித்த தண்ணீர் மணிமணியாக அந்தரத்தில் நின்றது.

"இதுதான் அதுவா?"

"இதுதான் சார்" என்றாள் எஸ்தர்.

"ம்" என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முப்பதுன்னா முப்பதுதான மேடம்? எழுதுங்க. அடிச்ச இடத்துல சுருக்கொப்பம். எல்லாப் பக்கத்திலயும்."

எஸ்தர் பேனாவை எடுத்தாள். எடுத்த இடத்தில் கை நின்றது. பாஸாக அரை மார்க் குறைந்த பையனுக்கு அதைக்கூடக் கூட்டிப் போட்டவளில்லை அவள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் அடுத்த நாள் கேட்டு வாங்குகிறவள். 'சார், இந்த மணியில போடுற கையெழுத்து தங்காது, கொஞ்சம் பொறுங்க' என்பது நாக்கு வரை வந்து நின்றது. முதல்வர் அவளைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், ஒருமுறை இந்த மணியில் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு மறைய விட்டவர்தான். இன்றைக்கு மட்டும் அவர் அதாகப்பட்டது என்றுகூடச் சொல்லவில்லை. ஐயம்பெருமாள் எந்தக் குரலிலும் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாரிக்கனி வாயை லேசாகத் திறந்துகொண்டு உறங்கினாள், அவள் தலைமுடியில் மில் பஞ்சு மேலும் கீழும் மூச்சு விட்டது.

எஸ்தர் நாக்கு வரை வந்ததை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, டேஷின்மேல் கோடு இழுத்தாள். முப்பது என்று எழுதினாள். எல்லாப் பக்கத்திலும், கல்யாணப் பதிவில்கூடப் போடாத அத்தனை அழகாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கமிட்டி பச்சை மையில் ஒப்பமிட்டது, முத்திரை குத்தியது. ஞானதுரை கோப்பைத் தோல்பைக்குள் வைத்துப் பூட்டி, ஒரு பெரிய காரியத்தை முடித்தவராகப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிரவில்லை.

"மேடம்," என்றார் கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாமா? ஒரு மாசமா கமிட்டி கமிட்டியாச் சுத்துதேன்."

"இருங்க சார். இதுக்கு விதியில இடம் இருக்கு" என்றாள் எஸ்தர். கமிட்டியின் மற்ற இருவரும் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏற்கெனவே உறங்கிப்போயிருந்தார்கள்.

அவள் வழக்கம்போல் இன்சார்ஜ் பார்க்க வெளியே வந்தாள். விலங்கியல் வராந்தாவில் கண்டக்டரின் பாயில் வெயில் ஏறியிருந்தது. குனிந்து பாயின் முனையைப் பிடித்தாள், பிடித்தபடி நின்றாள். போன புதன்கிழமையும் இதே பாயை இழுத்தோம், அதற்கு முந்தின புதன்கிழமையும் இழுத்தோம், எழும்போது அந்த மனிதர் வெயிலில்தானே கிடந்தார்? புரட்டிப் படுக்க வைத்தவர்கள் எல்லாம் குறட்டையோடுதானே எழுந்தார்கள்? தூக்கிவிட்ட குழந்தை மணி முடியும்போது கிணற்றடியில்தான் இருந்தது. ஆனால் கிணற்றுக்குள் இல்லை, விழவும் இல்லை. இத்தனை மாதமாக அவள் காத்த காவலும் அந்த மணிக்குள் செய்த வேலைதான். லேபிள் மாதிரி, மார்க் மாதிரி, அதுவும் வாரா வாரம் உரிந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் காக்காமலேயே ஊர் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது. அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது, சிரிப்பு வரும் போலவும் இருந்தது; இரண்டுக்கும் வேண்டிய தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பாயின் முனையை விட்டாள்.

துறைக்குள் வந்து, கதவோரத்து நீள பெஞ்சில் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். செருப்பைக் கழற்றலாமா என்று நினைத்ததுதான் கடைசி நினைப்பு.

மணி முடிந்தது. தெருவில் துணித்தண்ணீர் புழுதியில் விழுந்தது. பூட்டிய தோல்பைக்குள், யாரும் பார்க்காத இடத்தில், பச்சை மை மெதுவாக மங்கியது, முத்திரை வெளுத்தது, அடித்த கோடு உதிர்ந்தது, முப்பது மறுபடியும் முப்பத்தொன்றானது. கமிட்டி முகம் கழுவி, "நல்லபடியா முடிஞ்சது" என்று கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறியது. அந்தக் கோப்பு பல்கலைக்கழகத்துக்குப் போய், முடிந்த கோப்புகள் வைக்கும் அலமாரியில் முடிந்ததாகவே வைக்கப்பட்டது. முடிந்த கோப்பைத் திறந்து பார்க்க ஓர் உத்தரவு வேண்டும், உத்தரவு போட ஒரு கமிட்டி வேண்டும், அதற்கு அங்கே யாருக்குத் தெம்பிருக்கிறது? அடுத்த புதன்கிழமையும் அந்த மணி வந்தது.

ஆனால் அது அடுத்த புதன்கிழமை. இந்தப் புதன்கிழமை, நான்காம் மணி பெல் அடித்துவிட்டது, இரண்டாம் ஆண்டுக்கு எஸ்தர் மேடத்தின் வகுப்பு, எஸ்தர் மேடமோ பெஞ்சில் செருப்போடு கிடந்தாள். ஐயம்பெருமாள் எழுப்ப வந்தார். குனிந்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, மேஜையிலிருந்த வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

எஸ்தர் உறக்கத்துக்குள் இருந்தபடியே கேட்டாள். எங்கோ, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு தீர்ந்துபோனது. அடுத்த பெயருக்கு எங்கிருந்தோ கொஞ்சம் எடுத்து வந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "பிரசன்ட் மேடம்" என்றார்கள் பிள்ளைகள், ஒவ்வொருவராக, மெதுவாக, யாரோ எழுந்துவிடக்கூடாது என்பது போல. மாரிக்கனியின் குரலும் அதில் இருந்தது, நன்றாக உறங்கி எழுந்த குரல்.

யாரோ பாவம், ரொம்பக் களைத்த பொம்பளை என்று எஸ்தர் நினைத்தாள். அவளுக்காகக் கொஞ்சம் இரங்கினாள். பிறகு திரும்பிப் படுத்தாள்.